அண்ணன் கேட்டுச் சொல்லட்டும்

மணமேல்குடி
10.07.2024

அன்பு மகள் தேவிப்ரியாவுக்குப் பெரியப்பா ஆத்மநாதன் எழுதுகிறேன். இங்கே காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. கொடியில் காயப்போட்ட துண்டை அடுத்த தெருவில் போய் எடுத்துவர வேண்டியிருக்கிறது. மற்றபடி உடம்புக்குக் குறை எதுவும் இல்லை. உன் உடம்பைப் பற்றி நீதான் எழுத வேண்டும்.

நீ திருக்கோகர்ணத்து விடுதிக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. இந்தப் பக்கம் டவர் சரியில்லாததால் செல்போனில் பேசுவதைக் குறைத்துவிட்டேன். கடிதமே நல்லது. யோசித்து எழுதலாம், தவறாக எழுதியதை அடிக்கலாம்.

உங்கள் கல்லூரியின் விளக்கப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுப் படிப்பு, பிளஸ் டூவுக்குச் சமம். முதலாண்டில் இசை, ஓவியம் இரண்டும் உண்டு. ஏப்ரல் முடிவதற்குள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே இரண்டாமாண்டு படிக்க வேண்டும். நான் புரிந்துகொண்டது சரிதானே?

போன வாரம் உன் அப்பா வந்திருந்தான். வழக்கம்போல நிலைப்படிக்கு வெளியே, துண்டால் வாயைப் பொத்தியபடி ஓரமாக நின்று பேசிவிட்டுப் போனான். ஐம்பத்தாறு வயதாகிறது, தம்பி திருப்பதி இதுவரை என் எதிரில் உட்கார்ந்ததில்லை. எங்கள் அப்பா வைத்த பழக்கம். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

உன்னிடம் மூன்று கேட்கிறேன். விடுதிச் சாப்பாடு எப்படி? ஓவிய வகுப்பில் என்ன நடக்கிறது? பாட்டு வகுப்பில் எதுவரை வந்திருக்கிறாய்? மூன்றுக்கும் பதில் எழுது.

உன் நலம் நாடும்
பெரியப்பா


திருக்கோகர்ணம்
02.08.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு தேவி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. தலையில் பேன் மட்டும். அறையில் நாலு பேர், சீப்பு ஒன்று. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி?

சாப்பாடு பரவாயில்லை. திங்கட்கிழமை சாம்பாரை வியாழக்கிழமையும் சந்திக்கிறோம்.

ஓவிய வகுப்பு எடுப்பவர் அருள்தாஸ் சார். முதல் பதினைந்து நாள் பென்சிலைத் தொடவே விடவில்லை. மேசையில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து, "பாரு" என்றார். ஒரு மணி நேரம் பார்த்தோம். என் அறைத் தோழி இனியா தூங்கிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொம்பின் வயிற்றில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் சாரின் தாடி தெரிந்தது. அதைச் சொன்னேன். "ம், ஒனக்குப் பென்சில் குடுக்கலாம்" என்றார். இப்போது கோயில் மண்டபத்தில் தூண்களை வரைகிறோம். கரித்துண்டால் வரைவதால் விரல் நுனி கறுப்பாகவே இருக்கிறது, சோப்புக்குப் போகவில்லை.

அப்பா சேர்க்கும்போது போட்ட நிபந்தனை உங்களுக்குத் தெரியும்தானே. "பாட்டுன்னா ரெண்டாவது வருசமும் படி. ஆனா அதையும் அண்ணன் கேட்டுச் சொல்லட்டும். தேறும்னாருன்னா சரி. இல்லேன்னா ஜெகதாப்பட்டினத்துக்கு வந்து ஐஸ் கம்பெனியில பில்லு போடு. படம் போடுறதெல்லாம் ஒரு படிப்பா?" என்றார். அதனால் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். "தேரு என்னைக்கு பெரியப்பா?" என்று கேட்டேன். "நல்லதும்மா, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. ஏன்?

அன்புடன்
உங்கள் மகள் தேவி


மணமேல்குடி
25.08.2024

அன்பு மகள் தேவிக்கு, பெரியப்பாவின் ஆசிகள். முழங்கால் வலி அதன் இஷ்டப்படி வந்து போகிறது. பேனுக்கு வேப்பெண்ணெய் தடவு.

உன் கடிதத்தின் உறை ஒட்டிய இடத்தில் சுருங்கியிருந்தது. விடுதியில் யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார்களா என்று கவனி. ஈரக் கையால் ஒட்டினாலும் அப்படி ஆகும். எது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நான் மூன்று கேட்டேன். நீ இரண்டுக்கு எழுதியிருக்கிறாய். பித்தளைச் சொம்புக்கு ஒரு பத்தி, பாட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. எழுதிவிட்டு அழித்திருப்பாயோ என்று தாளை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

எதிர்வீட்டு சொர்ணம் தன் மகளைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போய் வந்தாள். அவள் நேருக்கு நேர் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவள். அவள் சொல்வது மட்டும் எனக்கு எப்போதும் தெளிவாகப் புரியும். "ஒங்க தம்பி மக கோயில் மண்டபத்துல தரையில ஒக்காந்துருக்கு சார். கையெல்லாம் கரி, மூக்குலயும் கரி. பக்கத்துல ஒரு தாடிக்காரரு குனிஞ்சு நின்னு என்னமோ சொல்றாரு. நான் கூப்புடுறேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். நாளைக் கேட்டேன். புதன்கிழமை மதியம். உங்கள் விளக்கப் புத்தகத்தில் புதன்கிழமை மதியம் பாட்டு வகுப்பு என்று போட்டிருக்கிறது.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ள நினைக்கிறேன், அவ்வளவுதான்.

பெரியப்பா


மணமேல்குடி
16.09.2024

மதிப்பிற்குரிய இசை ஆசிரியை பிரகதாம்பாள் அம்மையார் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் தங்கள் மாணவி தேவிப்ரியாவின் பெரியப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். தங்களுக்கு எழுத எனக்கு உரிமை உண்டா என்ற தயக்கத்தில் இந்தக் கடிதம் சில நாட்களாக என் மேசையிலேயே கிடந்தது. நான் பணியில் இருந்த காலத்தில் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து இத்தகைய கடிதங்கள் வந்தால் முகம் சுளிப்பேன். தாங்கள் சுளிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சுளித்தாலும் நியாயமே.

என் கடைசிக் கடிதத்துக்குத் தேவியிடமிருந்து பதில் இல்லை. அவள் புதன்கிழமைகளில் பாட்டு வகுப்புக்கு வருகிறாளா? அவள் பாட்டு எந்த நிலையில் இருக்கிறது? கோயில் மண்டபத்தில் அவளோடு தாடி வைத்த ஒருவர் காணப்பட்டதாகச் செய்தி. அவர் யார் என்று தாங்கள் அறிவீர்களா?

நான் விசாரித்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் பணிவுள்ள
ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
01.10.2024

ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க அம்பாள் அருளட்டும். நவராத்திரி வேலைகளால் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாடிக்காரர் எங்கள் ஓவிய ஆசிரியர் அருள்தாஸ். பேரன் எடுத்தவர். அந்தப் புதன்கிழமை நான் விடுப்பு. அதனால் பதினெட்டுப் பிள்ளைகளையும் அவர் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். தங்களிடம் சொன்னவருக்கு மற்றப் பதினேழு பேர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேவி வகுப்பைத் தவறவிடுவதில்லை. ஆனால் சுருதியில் நிற்க மாட்டேன் என்கிறது அவள் குரல். தம்புராவை விட்டு மெல்ல நழுவுகிறது. நழுவுவது அவளுக்கே தெரிகிறது, அதுதான் பாவமாக இருக்கிறது. தெரியாத பிள்ளைகள் சந்தோஷமாகப் பாடிவிட்டுப் போய்விடுகின்றன.

சேர்க்க வந்தபோது அவள் தகப்பனார், "கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம் அமத்துறது முப்பது வருசமா எங்க அண்ணந்தான். அவரே தலையாட்டிட்டாரு. அதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்றார். குறையாகக் கேட்கவில்லை ஐயா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தாங்கள் இவள் பாட்டைக் கேட்டது எப்போது?

எட்டாம் தேதி மாலை பிள்ளைகளின் நவராத்திரிக் கச்சேரி. அவசியம் வந்து கேளுங்கள்.

விசாரித்ததைச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. என் மேசையில் கிடந்த உறையில் தங்கள் கையெழுத்தை அவளே கண்டுகொண்டாள்.

இப்படிக்கு
பிரகதாம்பாள்


திருக்கோகர்ணம்
22.10.2024

பெரியப்பாவுக்கு தேவி எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

டீச்சருக்கு எழுதிக் கேட்டீர்களே, என்னிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அருள்தாஸ் சாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "தாடிய எடுத்துறவாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கச்சேரிக்கு வருவீர்கள் என்று முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டு, அதில் என் பையை வைத்திருந்தேன். கடைசிவரை பைதான் உட்கார்ந்திருந்தது. "எழுத மட்டுந்தான் வருமா ஒங்க பெரியப்பாவுக்கு?" என்றார் டீச்சர்.

வராதவருக்குப் பாட்டு வீடு தேடி வருகிறது. இனியா போனில் பதிந்து ஒரு மெமரி கார்டில் போட்டிருக்கிறேன். அப்பாவின் ஐஸ் வண்டி ஓட்டும் ராமு அண்ணன் கொண்டுவந்து தருவார். உங்கள் பட்டன் போனிலேயே போட்டுக் கேட்கலாம்.

இப்போது நான் மூன்று கேட்கிறேன். போனை ஏன் எடுப்பதில்லை? கச்சேரிக்கு ஏன் வரவில்லை? பாட்டு எப்படி இருக்கிறது? மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

தேவி


மணமேல்குடி
12.11.2024

அன்பு மகள் தேவிக்கு, பெரியப்பாவின் ஆசிகள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. எனக்குச் சளி இருந்து சரியாகிவிட்டது.

கார்டு வந்தது. கேட்டேன். குரல் கணீரென்று இருக்கிறது. எடுப்பு நிதானமாக இருக்கிறது. சரணத்தில் மட்டும் சற்று அவசரம் தெரிகிறது. சுருதியில் கவனம் வை.

ராமு கார்டைக் கொடுத்த பிறகும் போகவில்லை. வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி நிற்கச் சொன்னது நீயா, உன் அப்பாவா? கார்டைத் தர வந்தவருக்கு என் முகத்தில் என்ன வேலை?

இன்னொன்று. பாட்டு, ஓவியம் இரண்டில் எது வேண்டும் என்று நீ இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. தூணையும் சொம்பையும் பற்றி எழுதுகிறாய். இதைச் சொல்லாமல் நகர்கிறாய். நீ எதையோ மறைக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது தவறாக இருந்தால் மன்னித்துவிடு.

பெரியப்பா


திருக்கோகர்ணம்
03.12.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு தேவி எழுதுகிறேன். சளியோடு கொல்லைத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பாட்டைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

ஜெகதாப்பட்டினத்தில் தெரிந்தவர்களுடைய போட்டுகள் இரண்டை, எல்லை தாண்டியதாகச் சொல்லிக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். பாதிப் பேர் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் தேங்கிக் கிடக்கிறது. அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று அம்மா சொன்னார். ராமு அண்ணனை நான் நிற்கச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். உங்கள் எதிரில் உட்கார்ந்து பாடுகிறேன். எனக்கும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தேவி


திருக்கோகர்ணம்
09.02.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு தேவி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்பதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

அந்தக் கார்டில் இருந்தது என் பாட்டு இல்லை. பயிற்சிக்காக டீச்சர் பாடிக் கொடுத்ததைப் பதிந்து வைத்த கார்டு அது. அவசரத்தில் மாற்றி ராமு அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். என்னுடையது பென்சில் பெட்டியிலேயே கிடந்தது. உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். முப்பது வருஷம் பாடுகிறவருக்குச் சரணத்தில் அவசரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, டீச்சரிடம் காட்டவில்லை. போட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிவிட்டீர்கள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு சொர்ணம் அத்தையைக் கேட்டேன். "சார் என்னையத்தான் கேக்கச் சொன்னாரு. நல்லாத்தேன் இருக்கு, கடேசில கொஞ்சம் வேகமாப் போகுதுன்னேன். எழுதிக்கிட்டாரு" என்றார்.

பொங்கலன்று சாயங்காலம் நான் பாடும்போது கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா? இருட்டில் நீங்கள், "பரவாயில்லம்மா, கரண்டு வந்ததும் பாடு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீங்கள் கேலி செய்வதாக நினைத்து. அப்பாவும் சிரித்தார்.

நான் பாட்டை நிறுத்தவே இல்லை பெரியப்பா.

அடுத்த நாள் அந்தக் காட்சியை ஞாபகத்திலிருந்து வரைந்தேன், விளக்கு இருந்த நேரத்தில் எல்லோரும் எப்படி இருந்தார்களோ அப்படி. அருள்தாஸ் சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தம்மா மோட்டுவளையப் பாத்துக் கேக்குறாங்க. பின்னால நிக்கிறவரு கண்ண மூடிட்டாரு. இந்தப் பெரியவரு மட்டும் ஒன் வாயவே பாக்குறாரே. இவரு கேக்குறாரா, படிக்கிறாரா?" என்றார். நான் யோசித்து வரையவில்லை. பார்த்ததை வரைந்தேன்.

உங்களுக்குக் காது கேட்கிறதா பெரியப்பா?

நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட்டு வராது. கேட்கப் பிடிக்கும், பாட வராது. எனக்கு ஓவியம் வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் அப்பா உங்களிடம் கேட்பார். தேறும் என்றால் பாட்டில் தள்ளிவிடுவார். தேறாது என்றால் ஐஸ் கம்பெனி. இரண்டும் இல்லாத ஒன்றைச் சொல்ல உங்கள் ஒருவரால்தான் முடியும். நீங்கள் சொல்வீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்
தேவி


மணமேல்குடி
03.04.2025

தம்பி திருப்பதிக்கு அண்ணன் ஆத்மநாதன் எழுதுவது. நீ, வீட்டில், தொழில் எல்லாம் சீராக இருக்க வேண்டும். பிடிபட்ட போட்டுகள் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றால், பேப்பரில் படித்தேன்.

எனக்குக் காது கேட்பதில்லை. நான்கு ஆண்டுகளாகக் குறைந்துகொண்டு வந்தது. இப்போது எதிரில் நின்று பேசுகிறவர் வாயைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. மதுரையில் ஒரு மிஷின் வாங்கினேன். அதைப் போட்டால் பக்கத்தில் யாரோ மிக்சி ஓட்டுவது போல இருக்கிறது. மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

ஆகவே தேவியின் பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவள் பாடி நான் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது அவளுடைய பன்னிரண்டாம் வயதில். அப்போதும் நன்றாக இருந்ததா, நம் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு அப்படித் தோன்றியதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவளுடைய ஆசிரியை சுருதி நிற்கவில்லை என்கிறார். அவருக்குக் காது இருக்கிறது. அவர் சொல்வதையே எடுத்துக்கொள்.

என் கண்ணில் பழுதில்லை. அதை நம்பிச் சொல்கிறேன், அவளை ஓவியம் படிக்க விடு.

இதைப் பெங்களூரில் வெற்றிசெல்வனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். என் மகன் ஒன்பதாவது மாடியில் எனக்கு ஓர் அறையைத் தயாராக வைத்துக்கொண்டு, இந்த வீட்டைப் பூட்ட ஒரு காரணத்துக்காகக் காத்திருக்கிறான். காரணத்தை உன் கையில் கொடுத்துவிட்டேன். சில நாட்களாகத் தபால்காரர்கூட என்னிடம் உரக்கப் பேசுவதாகத் தோன்றுகிறது. நீ யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன்பே.

அண்ணன்


ஜெகதாப்பட்டினம்
14.04.2025

அண்ணனுக்குத் திருப்பதி. வருசப் பொறப்பும் அதுவுமா ஒங்க கால்ல விழுந்து கும்புட்டுக்கிறேன். நமக்கு எழுத்து வராது. கணக்கு எழுதுற கண்ணுசாமி, நான் சொல்லச் சொல்ல எழுதுறாரு. ஒரு சொல்லு மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

காது கேக்கலங்கிறீங்க. நான் நம்பலண்ணே.

புள்ள ஒங்ககிட்ட அழுதிருக்கும். நீங்களும் மனசு எளகி இப்புடி ஒரு சாக்கக் கண்டுபுடிச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னையக் கேணயனாக்கப் பாக்குறீங்க. சரணத்துல அவசரம்னு நீங்க எழுதுன கடுதாசிய, புள்ள பையிலேர்ந்து தேவி அம்மா எடுத்துப் படிச்சா. காது கேக்காத ஆளு சரணத்தக் கண்டுபுடிப்பாரா? இங்கிட்டு கம்பெனியில இருக்குறவங்ககிட்டச் சொன்னேன். ஒங்க அண்ணனா, அவரு எறும்பு நடந்தாலும் தாளம் சொல்வாரேங்கிறாங்க.

போன வருசம் மே மாசம் ஒங்க வீட்டு நிலைக்கு அங்கிட்டு நின்னு, "புள்ளையப் பாட்டுல சேக்கவாண்ணே, வேணாமா"ன்னு கேட்டேன். தலைய ஆட்டுனீங்க. அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் கொண்டு போயிச் சேத்தேன். அது கேக்காம ஆட்டுனதா? அப்ப ரெண்டாவது ஐஸ் மிஷின் போடவான்னு கேட்டேனே, அதுக்கும் ஆட்டுனீங்களே. தேவி அம்மாவுக்கு ஆபரேசன் பண்ணலாமான்னு கேட்டப்பயும் ஆட்டுனீங்க.

நேத்து ராத்திரி ஒக்காந்து ஒவ்வொண்ணா நெனைச்சுப் பாத்தேன். எனக்கு வேர்த்துருச்சுண்ணே. அதனாலதான் நம்ப மாட்டேங்கிறேன்.

வெள்ளிக்கெழமை வாரேன். பொய்யின்னா தெரிஞ்சு போயிரும்.

தம்பி
திருப்பதி


மணமேல்குடி
20.04.2025

அன்பு மகள் தேவிக்கு, பெரியப்பாவின் ஆசிகள். வெயில் காலத்தில் மண்டபத்துத் தரையில் வெகுநேரம் உட்காராதே, சூடு பிடிக்கும். எனக்கு ஒன்றும் இல்லை. காதைத் தவிர.

நீ பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், பலமுறை எழுதினேன், ஒன்றையும் தபாலில் போடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. உன்னைக் கவனிக்கத்தான் இந்தக் கடிதங்களை எல்லாம் எழுதினேன், நீ என்னைக் கவனித்திருக்கிறாயே என்று. பிறகு உன் அப்பாவுக்கு எழுதினேன். அவன் நம்பவில்லை, சோதிக்க வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்தது எனக்குத் தெரியாது. நடந்ததைப் பிறகு சொர்ணம் சொன்னாள். "ஒங்க தம்பி நிலையில நின்னு அண்ணேன்னாரு, நீங்க திரும்பல. சத்தமா அண்ணேன்னாரு, திரும்பல. அப்பறம், 'அண்ணே, அடுப்படி தீப்புடிச்சு எரியுது'ன்னாரு. நான் பதறிப்போயி தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு ஓடியாரேன், நீங்க சாவகாசமாப் பேப்பரத் திருப்புறீங்க" என்றாள். குடத்துத் தண்ணீர் பாதி உன் அப்பா மேல்.

அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. தரையில் ஈரம் பரவி வந்து காலில் பட்ட பிறகுதான் திரும்பினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நனைந்த சட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலண்டர் இருந்த ஆணியில் உன் படத்தை மாட்டியிருந்தேன். நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன். படத்தில் என் முதுகுக்குப் பின்னால், நிலைக்கு வெளியே, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற உருவத்தின் மேல் விரலை வைத்தான். ஏதோ சொன்னான். அவன் முகம் சுவர்ப் பக்கம் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அதையும் சொர்ணம்தான் பிறகு சொன்னாள். "நான் இங்கனதான் நிக்கிறனா எப்பவும்?" என்றானாம்.

அதன் பிறகு அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து என் நாற்காலிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். என்னையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவன் போல வாயை அகலமாகத் திறந்து, மெதுவாகச் சொன்னான்: "படமே படிக்கட்டும்."

எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னான். அப்போதும் தீரவில்லை, காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து எழுதச் சொன்னேன். கல்லூரியில் தேவைப்பட்டால் காட்டு, இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளைப் பெரிதுபடுத்தாதே, பேனா பிடித்து வெகுகாலம் ஆகிறது.

பெங்களூருக்குச் சொல்லப் போவதில்லை என்றான். மாதம் ஒருமுறை தானே வந்து பார்ப்பதாகவும், மிஷினை டிராயரிலிருந்து எடுத்துப் போட்டுப் பழக வேண்டும் என்றும் சொன்னான். அவன் என் மகனிடம் ரகசியமாகச் சொல்லிவிடுவான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் போகும்வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒன்றை மட்டும் எழுதி முடிக்கிறேன். எதிரில் உட்கார்ந்து பேசும்போதுதான் கவனித்தேன், உன் அப்பாவுக்கு மேல் வரிசையில் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. எப்போது உடைந்தது என்று கேட்டேன்.

"மூணு வருசம் ஆச்சுண்ணே. மிஷின் கைப்பிடி அடிச்சிருச்சு. ஒங்ககிட்ட வந்து சொன்னேனே" என்றான்.

பெரியப்பா